நிஃப்டி புட் ஆப்ஷன்: நாலு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணதுல என் அனுபவம்

ராயக்கோட்டை தக்காளி மண்டியில கணக்கு எழுதுறேன், காலையில ஏலம் முடிஞ்சு லோடு கிளம்பி டீ குடிச்சா மார்க்கெட் திறக்குற 9:15க்கு கரெக்டா இருக்கும், அப்படித்தான் 2021ல இதுக்குள்ள வந்து மாட்டுனேன். எந்த ஆப் நல்லதுன்னு கேக்காதீங்க, எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. மார்க்கெட் இறங்கும்னு தோணுறப்ப புட் வாங்குறது பத்தி மட்டும் சொல்றேன். புட்னா நிஃப்டியை (50 பெரிய கம்பெனி பங்குகளோட குறியீடு) ஒரு குறிப்பிட்ட விலைக்கு விக்கிற உரிமை, அதுக்குக் குடுக்குற காசுதான் பிரீமியம்.

2024 செப்டம்பர் 27ல நிஃப்டி 26,277 தொட்டுச்சு. இதுக்கு மேல தாங்காது, இறங்கும்னு மண்டியில எல்லார்கிட்டயும் சொன்னேன், இறங்கவும் செஞ்சுது, மார்ச் ஆரம்பத்துல 22,000க்கு கீழ போச்சு. நான் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஆனா அந்த அஞ்சு மாசத்துல எனக்கு 38,000 ரூபா நஷ்டம், கணக்கு எழுதுறவன்ல, எல்லாம் நோட்டுல இருக்கு.

ஏன்னா நான் வாங்குனது எல்லாம் வீக்லி புட், அந்த வாரமே எக்ஸ்பைரி, அதாவது காலாவதி ஆகிடும். மார்க்கெட் ஒரே இறக்கமா இறங்காது, மூணு நாள் இறங்கி ரெண்டு நாள் ஏறும், அந்த ரெண்டு நாள்ல பிரீமியம் வெயில்ல வச்ச தக்காளி மாதிரி சுருங்கிடும், அப்புறம் எக்ஸ்பைரி, மறுபடி புதுசா வாங்கணும். இதுல 2025 ஜனவரிலேருந்து லாட் (ஒரு தடவைக்கு வாங்க வேண்டிய குறைஞ்சபட்ச எண்ணிக்கை) 25 போயி 75 ஆச்சு, அதே தப்பு மூணு மடங்கு.

இதைவிட பெரிய அடி ஏப்ரல் 7. அமெரிக்கா வரி பயத்துல காலையிலயே ஆயிரம் புள்ளிக்கு மேல கேப் டவுன் (முந்தின முடிவை விட கீழ திறந்துச்சு), வாட்டர் கேன் மேல உக்காந்துட்டு கை நடுங்க 21,700 புட் (அந்த விலைக்கு விக்கிற உரிமை) ஒரு லாட் 230 ரூபாய்க்கு வாங்குனேன், இன்னும் போகும்னு நெனப்பு. 21,743தான் அன்னிக்கு லோ. மூணு மணிக்கு என் புட் 90 ரூபா, நிஃப்டி 22,161ல முடிஞ்சுது. அன்னிக்கு நிஃப்டி 742 புள்ளி இறங்கியிருக்கு, புட் வாங்குன எனக்கு 10,500 போச்சு! அப்பத்தான் மார்க்கெட் பயத்தை அளக்குற விக்ஸ்னா என்னன்னே உக்காந்து படிச்சேன். பயம் ஏறுனதும் பிரீமியம் ஊதிடுது, மழை கொட்டுறப்ப தார்ப்பாய் வாடகை கேக்குற மாதிரி, பயம் தணிஞ்சா காத்து இறங்கிடும். வீட்டுல போனை எட்டிப் பாத்துட்டு "ஏங்க, இன்னிக்கும் செவப்புதானா, மண்டியில பாக்குற செவப்பு பத்தாதா"ன்னாங்க. என்னத்த சொல்றது.

அதுக்கப்புறம் தனி புட் வாங்குறதில்ல, ஸ்ப்ரெட்தான், ஒரு புட் வாங்கி கூடவே கீழ விலை புட் ஒண்ணு விக்கிறது. உதாரணத்துக்கு 24,800 புட் 150க்கு வாங்கி 24,500 புட் 70க்கு வித்தா கையிலேருந்து போறது 80, இப்ப லாட் 65, அப்ப அதிகபட்ச நஷ்டம் 5,200. எக்ஸ்பைரில 24,500க்கு கீழ முடிஞ்சா லாபம் 14,300 வரும், அதுக்குக் கீழ எவ்ளோ இறங்குனாலும் கூடுதலா ஒரு பைசா கூட வராது, பேராசைக்காரனுக்கு இது வெறுப்பாத்தான் இருக்கும். புரோக்கரேஜ், வரி தனி. ஆனா தேய்மானம் (நாள் போகப் போக பிரீமியம் கரையுறது) பாதிக்குப் பாதி குறையுது, வித்த புட்டும் சேந்துதானே தேயுது. வீக்லியும் விட்டுட்டேன், மன்த்லி மட்டும், அதுவும் விக்ஸ் கம்மியா எல்லாரும் நிம்மதியா இருக்குறப்பதான் வாங்குறேன். அந்த நேரத்துல வாங்க மனசு வராது, அதுதான் கஷ்டமே.

இன்னும் லாபத்துல இல்ல, அதையும் சொல்லிடுறேன். பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024ல விட்ட ஆய்வுல, ஃபியூச்சர் ஆப்ஷன் பண்ற தனி ஆளுங்கள்ல 93 சதவீதம் பேருக்கு மூணு வருஷத்துல நஷ்டம்னு இருந்துச்சு, நானும் அதுல ஒருத்தன். இப்ப நஷ்டம் எவ்ளோன்னு முன்னாடியே தெரியுது, அவ்ளோதான் வித்தியாசம்.

ஸ்ப்ரெட் போடறவங்க ஒண்ணு கவனிங்க, உள்ள போறப்ப வாங்குறது முதல்ல, வெளிய வரப்ப வித்ததை முதல்ல மூடுங்க. ஒரு தடவை அவசரத்துல வாங்குன புட்டை முதல்ல வித்துட்டேன், ஹெட்ஜ் (வித்த புட்டுக்கு இருந்த பாதுகாப்பு) போனதும் ஆப் லட்சத்துக்கு மேல மார்ஜின் (ஈட்டுத் தொகை) கேட்டுச்சு, என்கிட்ட இருந்தது 40,000. வெளிய லோடு ஏத்துற சத்தம், போன்ல செவப்புல எச்சரிக்கை, அந்த ரெண்டு நிமிஷம் வேர்த்த வேர்வை இன்னும் ஞாபகம் இருக்கு.