லிப்ரேஆபீஸுக்கு மாறலாமா? கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது

வேலை செய்யும் இடத்தில் யாருக்கு வேர்டிலோ எக்செலிலோ சிக்கல் வந்தாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். அது என் வேலை இல்லை, ஆனால் பல வருடமாக அப்படியே பழகிவிட்டது, எனக்கும் பிடித்திருக்கிறது. இப்போதெல்லாம் அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஆபீஸ் 2016க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சாமே, இனி என்ன பண்றது, லிப்ரேஆபீஸ் போட்டுக்கலாமா?" வேர்டு, எக்செல் செய்யும் வேலைகளை இலவசமாகவே செய்து தரும் மென்பொருள்தான் லிப்ரேஆபீஸ். நான் ஆறு வருடமாக அதில்தான் தினசரி வேலை பார்க்கிறேன், பக்கத்திலேயே மைக்ரோசாப்ட் ஆபீஸையும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் பயம் வேண்டாம். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 10க்கும் அதே நாள்தான். அதற்காக மறுநாள் காலையில் வேர்டு திறக்காமல் போய்விடவில்லை. அது பாட்டுக்கு ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வராது. வெளியாட்கள் அனுப்பும் ஃபைல்களைத் தினமும் திறக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம், வீட்டில் கடிதம் மட்டும் தட்டச்சு செய்கிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை, ஆனாலும் தள்ளிப்போடுவது நல்லதல்ல. ஆபீஸ் 2021 வைத்திருப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைதான் ஆதரவு. அப்புறம் மாதாமாதமோ வருடாவருடமோ பணம் கட்டும் மைக்ரோசாப்ட் 365, ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கும் ஆபீஸ் 2024, அல்லது பணமே கேட்காத லிப்ரேஆபீஸ், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலானவர்களுக்கு வழி.

எது என்று கேட்டு வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் செய்யும் ஃபைல் கடைசியில் யாரிடம் போகிறது? உங்களோடே இருக்கிறதா, பிடிஎஃப் ஆகப் போகிறதா, இல்லை இன்னொருவர் அதையே திறந்து திருத்தி உங்களுக்குத் திருப்பி அனுப்புவாரா? முதல் இரண்டு என்றால் யோசிக்காமல் மாறிவிடலாம். மூன்றாவது என்றால் கொஞ்சம் பார்த்துத்தான் மாற வேண்டும். எந்த மெனு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் பாதிப் பேர் "ஓப்பன்ஆபீஸ் தானே?" என்று கேட்டுவிட்டு அதையே டவுன்லோட் செய்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மரத்துக் கிளைகள். ஓப்பன்ஆபீஸ் அப்போது ஆரக்கிள் நிறுவனத்தின் கையில் இருந்தது, அதன் போக்கு பிடிக்காமல் 2010 செப்டம்பரில் ஒரு குழு பிரிந்து வந்து டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை உருவாக்கி லிப்ரேஆபீஸைத் தொடங்கியது. ஓப்பன்ஆபீஸ் பிறகு அப்பாச்சி என்ற அமைப்பிடம் போனது, அதன் 4.1 பதிப்பு வந்தது 2014இல், அதற்குப் பிறகு சின்னச் சின்னத் திருத்தங்கள்தான். வேர்டின் ஃபைல் வகையான டாக்எக்ஸைத் திறக்கும், டாக்எக்ஸாக சேவ் செய்யாது. இன்றைக்குப் புதிதாகப் போடுகிறவர் லிப்ரேஆபீஸைத்தான் போட வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

எந்தப் பதிப்பு என்பது அடுத்த கேள்வி. 2024 தொடக்கத்திலிருந்து பதிப்பு எண்ணே வருடமும் மாதமும்தான். 24.2 என்றால் 2024 பிப்ரவரிக்கான பதிப்பு, 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு வரும். புதிதாக வந்த அன்றே அப்கிரேட் செய்யாதீர்கள். 25.8.0 என்பதில் கடைசியாக இருக்கும் அந்தப் பூஜ்யம் 3 அல்லது 4 ஆகட்டும், அதற்குள் முதல் அலைப் பிழைகளை எடுத்திருப்பார்கள். பழைய கணினி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 25.8 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றிலும் இது ஓடாது. விண்டோஸில் புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்தால் பழையதன் இடத்தில் அதுவே உட்கார்ந்துகொள்ளும், உங்கள் அமைப்புகளும் அப்படியே இருக்கும், முதலில் பழையதை நீக்க வேண்டிய தேவையில்லை. "சார், அப்டேட் பண்ணா என் ஃபைலெல்லாம் போயிடுமா?" என்று கணக்குப் பிரிவில் ஒருவர் நிஜமாகவே கலங்கிப்போய்க் கேட்டார். போகாது. மென்பொருள் வேறு, நீங்கள் அதில் செய்த ஃபைல் வேறு, ஃபைல் இருக்கும் ஃபோல்டரை அப்டேட் தொடுவதே இல்லை. இருந்தாலும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன், அவருக்கு அன்றிரவு தூக்கம் வர வேண்டுமே.

சரி, போட்டாயிற்று. முதல் நாளே வரும் புகார்: "நான் அனுப்புனதை அவங்களால திறக்க முடியலையாம்." பத்துக்கு எட்டுத் தடவை காரணம் ஃபைல் வகைதான். லிப்ரேஆபீஸ் இயல்பாகக் கடிதம் போன்றவற்றை ஓடிடி, கணக்குத் தாள்களை ஓடிஎஸ் வகையில் சேவ் செய்யும். 2006லேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்ட, எல்லாருக்கும் பொதுவான வகை அது, இன்றைய வேர்டும் அதைத் திறக்கும். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் அந்தப் பெயரைப் பார்த்ததுமே மிரண்டுவிடுகிறார், அல்லது அவர் போனில் திறக்க எதுவும் இருக்காது. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லோட்/சேவ், அதன் கீழே ஜெனரல். அங்கே "ஆல்வேஸ் சேவ் ஆஸ்" என்ற இடத்தில் வேர்டு வகைக்கும் எக்செல் வகைக்கும் மாற்றிவிட்டால் இந்தப் புகார் அன்றோடு தீர்ந்தது. உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளும் ஃபைலை ஓடிடியிலேயே வையுங்கள், அதுதான் இதன் தாய்மொழி, அதில் சேவ் செய்தால் எதுவும் இடம் மாறாது.

இரண்டாவது புகார் எனக்கு மிகவும் முக்கியமானது, ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் பலர் "இது சரிப்படாது" என்று ஒரே நாளில் கழற்றி எறிகிறார்கள். ஒரு பக்கத்தில் அடங்கிய கடிதம் இரண்டு பக்கமாகிறது, அட்டவணை கீழே வழிகிறது, கையெழுத்து வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போகிறது. மென்பொருள் ஃபைலைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். ஃபைலுக்குள் இயல்பாக எழுத்துருவின் பெயர் மட்டும்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. அந்தப் பெயரில் உங்கள் கணினியில் ஒன்றும் இல்லாவிட்டால் வேறொன்றை எடுத்துப் போடும், எழுத்தின் அகலம் ஒரு மயிரிழை மாறினாலும் வரி உடையும் இடம் மாறும், வரி மாறினால் பக்கம் மாறும். கலிப்ரிக்குப் பதிலாக அதே அகலத்தில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதிலாக கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் பதிலாக லிபரேஷன் எழுத்துருக்கள் என்று லிப்ரேஆபீஸோடு சேர்ந்தே வருகின்றன, அதனால் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே திறக்கும். ஆனால் மைக்ரோசாப்ட் இப்போது கலிப்ரியை விட்டுவிட்டு ஆப்டோஸ் என்ற எழுத்துருவை இயல்பாக்கிவிட்டது. புதிய வேர்டில் யாராவது ஒன்றும் மாற்றாமல் தட்டச்சு செய்து அனுப்பினால் அது ஆப்டோஸில்தான் வரும், உங்களிடம் அது இருக்காது. கண்டுபிடிப்பது சுலபம்: எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியில் பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தால் அது உங்களிடம் இல்லை என்று அர்த்தம். அனுப்புகிறவரிடம் எழுத்துருவை ஃபைலோடு பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள், வேர்டின் சேவ் அமைப்புகளிலேயே அந்த வசதி இருக்கிறது. நீங்கள் அனுப்புகிறவராக இருந்தால் ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ், அதில் ஃபான்ட் பகுதியில் அதே வசதி.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு அடுக்கு உண்டு. லிப்ரேஆபீஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அளவை 14 என்று வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாலும் ஆங்கிலச் சொல் பெரிதாகவும் தமிழ் சின்னதாகவும் நிற்பதைப் பார்க்கிறீர்கள். ஆப்ஷன்ஸில் ரைட்டர் (வேர்டுக்கு இணையானது) பகுதியில் பேசிக் ஃபான்ட்ஸ் இரண்டு இடத்தில் இருக்கும், ஒன்று வெஸ்டர்ன், இன்னொன்று சிடிஎல். இந்த சிடிஎல்தான் நம்முடையது. அங்கே எழுத்துருவும் அளவும் ஒருமுறை வைத்துவிடுங்கள், மொழிப் பகுதியில் சிடிஎல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. பழைய கணினியில் லதாவில் செய்த கடிதம் புதிய கணினியில் முகம் மாறித் தெரிகிறதா? விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை, விண்டோஸ் அமைப்புகளில் விருப்ப வசதிகள் பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் செய்த ஃபைல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால், அந்த எழுத்துருவைப் போட வேண்டும் அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், எந்த ஆபீஸ் போட்டாலும் அதற்கு வேறு வழியில்லை. இந்த இடத்தில் லிப்ரேஆபீஸ் இன்னும் எளிமையாக இருந்திருக்கலாம் என்பது என் உண்மையான வருத்தம், புதிதாக வரும் ஒருவர் சிடிஎல் என்ற மூன்றெழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று எப்படிப் புரிந்துகொள்வார்?

எக்செல் ஆட்கள் கேட்பது வேறு மாதிரி. சாதாரணக் கூட்டல் கழித்தல், வடிகட்டல், பிவட் டேபிள், விலுக்கப் எல்லாம் லிப்ரேஆபீஸின் எக்செலான கால்கில் அப்படியே ஓடும். எக்ஸ்லுக்கப் இல்லை என்று முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், 24.8இல் அது வந்துவிட்டது, கூடவே ஃபில்டர், வரிசைப்படுத்தும் சார்ட், யூனிக் ஃபார்முலாக்களும் வந்தன. ஆனால் எக்செலின் பவர் குவெரி, பவர் பிவட் கிடையாது. வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைக்கும் மேக்ரோ பாதி ஓடும் பாதி ஓடாது, எந்தப் பாதி என்பது உங்கள் ஃபைலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பத்து வருடமாக ஒருவர் எழுதி எழுதிச் சேர்த்த மேக்ரோவில்தான் உங்கள் சம்பளப் பட்டியல் ஓடுகிறது என்றால் மாறாதீர்கள், தயவுசெய்து. ஆக்சஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களும் அப்படித்தான், லிப்ரேஆபீஸில் இருக்கும் பேஸ் அதற்கு நேரடி மாற்று இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஃபைலில் கை வைத்து, ஒருவர் திருத்துவது மற்றவருக்கு உடனுக்குடன் தெரிய வேண்டும் என்றாலும் கணினியில் போடும் லிப்ரேஆபீஸால் அது ஆகாது.

தோற்றம் பழையதாக இருக்கிறது என்பவர்களுக்கு: வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் என்று இருக்கிறது, அதில் டேப்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள், வேர்டு மாதிரியே மேலே பட்டை வந்துவிடும்.

அப்கிரேட் செய்த பிறகு திறக்க நேரமாகிறது, பட்டன்கள் காணவில்லை, திடீரென்று மூடிக்கொள்கிறது என்றெல்லாம் வந்தால் உடனே நீக்கிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், பழைய அமைப்புகள் அப்படியே தங்கிவிடுவதால் அதில் பயன் குறைவு. ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது, அதில் உங்கள் அமைப்புகள் இருக்கும் யூசர் ப்ரொஃபைலைத் தொடக்க நிலைக்குத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். "வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று சொல்லி ஃபைல் திருத்த விடவில்லையா, நிஜமாகவே யாரும் திறக்கவில்லை என்று உறுதியானால் அதே ஃபோல்டரில் மறைந்திருக்கும் லாக் ஃபைலை அழித்தால் போதும்.

இன்ஸ்டால் செய்த கையோடு ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யச் சொல்வேன். மின்சாரம் போய், அரை நாள் வேலையை இழந்த ஒருவர் என் முன்னால் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார், அதனால் இதில் நான் பிடிவாதக்காரன். தானியங்கி மீட்பு இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அதை 3 ஆக்குங்கள். அதன் பக்கத்திலேயே எப்போதும் பேக்கப் நகல் எடு என்ற ஒரு பெட்டி இருக்கும், 24.2 முதல் அது தானாகவே டிக் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை சேவ் செய்யும்போதும் அதற்கு முந்தைய நிலையை ஒரு நகலாக வைத்துக்கொள்ளும். தப்பாக அழித்துவிட்டு சேவும் செய்துவிட்டவருக்கு அதுதான் உயிர்.

எனக்கு மிகவும் பிடித்தது பிடிஎஃப் ஏற்றுமதியில் இருக்கும் ஹைப்ரிட் பிடிஎஃப். பார்க்கிறவருக்கு அது சாதாரண பிடிஎஃப், லிப்ரேஆபீஸில் திறந்தால் உள்ளேயே திருத்தக்கூடிய மூல ஃபைலும் இருக்கும். அனுப்பிய பிடிஎஃப் மட்டும் கையில் இருக்கிறது, மூலத்தை எங்கே வைத்தேன் என்று தேடும் வேலை எனக்கு நின்றே போயிற்று.

"அப்போ பழைய ஆபீஸை எடுத்துடலாமா?" என்று கடைசியாகக் கேட்பார்கள். உடனே வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான மூன்று ஃபைலை எடுத்து லிப்ரேஆபீஸில் திறந்து, திருத்தி, சேவ் செய்து, வழக்கமாக அனுப்பும் ஆளுக்கு அனுப்பி, அவரிடம் எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள். ஒரு மாதம் இப்படியே ஓட்டுங்கள். கணக்குப் பிரிவில் கலங்கிப்போய்க் கேட்டாரே, அவரிடமும் இதைத்தான் சொன்னேன். அந்த ஒரு மாதத்தில் அவர் பழைய எக்செலைத் திறந்தது இரண்டே தடவை, இரண்டுமே சம்பளப் பட்டியல் மேக்ரோவுக்காக. அதனால் அவர் கணினியில் அது இன்னும் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் எந்த ஃபைலையும் அதில் திறப்பதில்லை என்று மட்டும் பேசி வைத்திருக்கிறோம்.