விரல் மூட்டு அறுவை சிகிச்சை: சிலிக்கோனா, பைரோகார்பனா, பிணைப்பா?

வாதத்தால் சிதைந்த விரல் மூட்டை மாற்றுவது முழங்கால் மாற்றின் சிறிய வடிவம் என்று எண்ணுவோருக்குச் சிலிக்கோன் மூட்டு வியப்பளிக்கும். 1960களில் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஆல்ஃபிரட் ஸ்வான்சன் உருவாக்கிய இது எலும்போடு ஒட்டுவதில்லை. இரு எலும்புகளின் உட்குழிகளில் தளர்வாக அமர்ந்து இடைவெளியைக் காக்கிறது. அதைச் சுற்றி உடல் வளர்க்கும் நார்த்திசு உறைதான் மூட்டுக்கு நிலைத்தன்மை தருகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலிக்கோன் முறிவது சாதாரணம். ஆனால் எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தும் வலியின்றிக் கையைப் பயன்படுத்துவோர் பலர் இருப்பதால், முறிந்தது என்பதற்காக மட்டும் மறுபடி அறுப்பதில்லை.

செயற்கை இதய வால்வுகளுக்குப் பயன்பட்ட கடினமான கரிமப் பொருளான பைரோகார்பன், எலும்பை ஒத்த விறைப்பும் மிகக் குறைந்த தேய்மானமும் உடையது; விரல் உள்ளங்கையோடு சேரும் அடிமூட்டுக்கான பைரோகார்பன் சாதனத்துக்கு அமெரிக்கா 2001இல் அனுமதி அளித்தது. காகிதத்தில் பார்த்தால் இதுவே மேல். ஆனால் ஒன்றோடொன்று இணையாத இரு துண்டுகளாக இருப்பதால், மூட்டின் இருபுறமும் எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார்கள் வலுவாக இருந்தால்தான் அவை இடம் பிசகாமல் நிற்கும். முடக்குவாதத்தால் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்த கையில் அந்த நார்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். எனவே, அத்தகைய அடிமூட்டுக்குப் பழைய சிலிக்கோனே பொருத்தம் என்பது என் கணிப்பு. நார்கள் கெடாத தேய்மான வாதத்தில் பைரோகார்பனைப் பரிசீலிக்கலாம். நடுமூட்டில் வைக்கும்போது கீச்சொலி, தளர்வு, இடப்பெயர்வு ஆகியவற்றுக்கும் இடமுண்டு.

மூன்றாவது வழியான பிணைப்பில், இரு எலும்புகளையும் ஒன்றாக வளரவிட்டு மூட்டை நிரந்தரமாக அசையாமல் ஆக்குகிறார்கள். கேட்டதும் தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தோன்றும். சுட்டுவிரலின் நடுமூட்டைப் பொறுத்தவரை அப்படி அல்ல. பூட்டில் சாவியைத் திருப்பும்போது கட்டைவிரல் சுட்டுவிரலைப் பக்கவாட்டில் அழுத்துகிறது. செயற்கை மூட்டு நாளடைவில் அந்த அழுத்தத்துக்குச் சாய்ந்துவிடக்கூடும், ஏறத்தாழ 40 பாகை மடக்கிப் பிணைத்த மூட்டு சாயாது. டம்ளரைச் சுற்றிப் பிடிக்க மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்கியாக வேண்டுமாதலால், அங்கே மூட்டு மாற்றுக்கே முன்னுரிமை. நுனிமூட்டில் பெரும்பாலும் பிணைப்புதான்.

எதைத் தேர்ந்தாலும் மூட்டு மாற்றின் முதன்மைப் பயன் வலி குறைவது. நடுமூட்டின் அசைவு முன்பைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை. மணிக்கட்டும் கோணியிருந்தால் அதை முதலில் சீராக்க வேண்டும், இல்லையேல் மாற்றிய அடிமூட்டுகள் மீண்டும் சாயும். சிலிக்கோனைத் தேர்ந்தோருக்கு அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் விரலை நேராகத் தாங்கும் பட்டையும் (ஸ்பிளிண்ட்) கைப்பயிற்சியும் தவிர்க்க முடியாதவை. நார்த்திசு உறை உருப்பெறும் காலம் அதுவாகையால், அப்போது விரலை எந்தத் திசையில், எவ்வளவு அசைக்கவிடுகிறோமோ அதற்கேற்பவே மூட்டின் பிற்கால அசைவும் அமையும்.