தமிழில் டைப் அடிக்க எது தோது? பிழைகளை வைத்து ஓர் அலசல்

போனில் தமிழ் எழுத எந்த கீபோர்டு நல்லது என்று கேட்டால், வேகத்தைப் பற்றித்தான் பதில் வரும். குரல்தான் வேகம் என்பார் ஒருவர், தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பைப் பழகினால் அதை மிஞ்ச ஆளில்லை என்பார் இன்னொருவர். எனக்கு அந்தக் கணக்கில் பெரிய ஆர்வமில்லை. வாட்ஸப்பில் நாலு வரி அனுப்புகிறவருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் என்ன குடி முழுகிவிடும்? எழுதி முடித்தபின் அதில் என்ன மாதிரிப் பிழை மிஞ்சுகிறது, அது கண்ணில் படுகிறதா இல்லையா என்பதுதான் முக்கியம். எல்லா முறையிலும் பிழை வரும். ஆனால் ஒன்றில் வரும் பிழை இன்னொன்றில் வராது.

பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை. இதில் இரண்டு ரகம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஒன்று ஊகிப்பது, இன்னொன்று விதிப்படி நடப்பது.

கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டில் இருக்கும் ஒலிபெயர்ப்பு ஊகிக்கும் ரகம். பி-ஏ-எல்-ஏ-எம் என்று அடித்தால் அது பலமாகவும் இருக்கலாம், பழமாகவும் இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். மேலே வரிசையாகச் சொற்களைக் காட்டும், நாம் ஒன்றைத் தொட வேண்டும். நெடில் குறில் பற்றிக் கவலைப்படாமல் தங்கிலீஷில் அடிப்பது போலவே அடிக்கலாம் என்பதுதான் இதன் வசதி. புதிதாகத் தமிழில் எழுத வருகிறவருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது. சிக்கல் என்னவென்றால், தவறாக வந்து விழும் சொல்லும் நல்ல தமிழ்ச் சொல்லாகவே இருக்கும். 'இன்னிக்கு மணம் சரியில்லை' என்று செய்தி வந்தால் அனுப்பியவர் சாம்பாரைச் சொல்கிறாரா, மனசைச் சொல்கிறாரா? வலி-வழி, கலை-களை, பறவை-பரவை எல்லாம் இப்படித்தான். அகராதியில் உள்ள சொல் என்பதால் பிழைதிருத்தியும் பெரும்பாலும் சும்மா இருந்துவிடும். அவசரமாக அனுப்பும்போது நம் கண்ணும் தாண்டிப் போய்விடும்.

விதிப்படி நடக்கும் ரகத்துக்கு நல்ல உதாரணம் அஞ்சல் முறை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற மென்பொருள் வழியாகப் பரவியது இது. போனில் தமிழ் எழுத அவர் செய்த செல்லினம் என்ற செயலி 2005-லேயே சிங்கப்பூரில் வெளியாகிவிட்டது. பட்டன் போன் காலம் அது. இதில் ஊகம் கிடையாது. ள வேண்டுமானால் பெரிய எல், ண வேண்டுமானால் பெரிய என், ற-வுக்குப் பெரிய ஆர், ழ-வுக்கு இசட். நாம் அடித்தது எதுவோ அதுவே வரும். எழுத்து தெரியாவிட்டால் பிழை நம்முடையது, மெஷின் மேல் பழிபோட முடியாது. ஒவ்வொரு ள-வுக்கும் ஷிப்டைத் தொடுவது போனில் எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இரண்டில் ஒன்று என்றால் நான் அஞ்சல் பக்கம்தான்.

அடுத்தது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி உருவான அமைப்பு இது, பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. கீபோர்டின் இடப்பக்கம் 12 உயிரெழுத்து, வலப்பக்கம் பெரும்பாலும் மெய். க அடித்து ஆ அடித்தால் கா. இதோடு நின்றிருந்தால் சாதாரண சமாச்சாரம். இதன் சாமர்த்தியம் புள்ளி வைப்பதில் இருக்கிறது. ஒரே எழுத்தை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும்: அ, ம, ம, ஆ என நாலே தட்டில் 'அம்மா'. ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ண-வுக்குப் பின் ட என்று இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அப்படியே. 'தங்கம்' என்பதற்கு ஐந்து தட்டு போதும், ஆங்கில எழுத்தில் ஏழு எட்டு ஆகும். 'மமதை' மாதிரி புள்ளி வேண்டாத அபூர்வச் சொற்களுக்கு மட்டும் நடுவில் ஒரு அ தட்ட வேண்டும்.

தமிழ் இலக்கணம் தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது என்பது அடிக்க அடிக்கப் புரியும். ஆனால் நான் இதை உயர்த்திப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. இதில் விரல் தவறினால் பக்கத்து எழுத்து விழும். ர-வும் ல-வும் அடுத்தடுத்த விசைகள், த-வும் ந-வும் அப்படியே. 'வரும்' என்பது 'வலும்' ஆகும், 'தமிழ்' என்பது 'நமிழ்' ஆகும். இரண்டும் சொல்லே இல்லை, பார்த்தவுடன் உறுத்தும். பிழை வந்தாலும் மாறுவேஷத்தில் வராது.

குறைகளும் சொல்ல வேண்டும். பழக்கத்துக்கு வரும்வரை எழுத்தைத் தேடித் தேடிக் குத்த வேண்டியிருக்கும், பாதிப்பேர் அங்கேயே ஓடிவிடுவார்கள். ஆங்கிலத்துக்கு 26 விசை போதும், இதற்கு முப்பதுக்கு மேல் வேண்டும். போன் திரையில் விசைகள் ஒடுங்கிப்போகும், பெரிய கட்டைவிரல்காரர்கள் பாடு திண்டாட்டம். கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஐபோனிலும் அஞ்சல், தமிழ்99 இரண்டுமே உண்டு.

சரி, குரலுக்கு வருவோம். கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது 2017 ஆகஸ்டில். அதற்கு முன் போனில் ஒரு வார்த்தை தமிழில் அடிக்காத பெரியவர்கள் எத்தனையோ பேர் இன்று குடும்ப குரூப்பில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள் என்றால் அது இதனால்தான். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாட்டுவாரியாகவும் தமிழைத் தேர்ந்துகொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், எழுத்துப் பிழை விஷயத்தில் குரல் பல சமயம் விரலைத் தோற்கடித்துவிடும். ல, ள, ழ வித்தியாசமில்லாமல் உச்சரிக்கிற ஆள்கூட 'ரெண்டு நாளா கால் வலி' என்று சொன்னால், சுற்றியுள்ள சொற்களைப் பார்த்துச் சரியான 'வலி'யைப் போட்டுவிடும். தடுமாறுவது வேறு இடத்தில். ஒற்று பல இடங்களில் காணாமல் போகும், நிறுத்தக்குறி நம்பி விடமுடியாது, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நெல்லைத் தமிழிலோ யாழ்ப்பாணத் தமிழிலோ இயல்பாகப் பேசினால் திணறும், அதனால் ஆட்கள் செய்தி வாசிப்பவர் போலப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, 'வரல' என்று வாய்க்குள் முனகினால் 'வரலாம்' என்று விழக்கூடும் என்பது. எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது, செய்தி மட்டும் தலைகீழாக இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கணக்கு எடுப்பவரிடம் கேட்டுப்பாருங்கள். பஸ்ஸில் சத்தமாக வீட்டு விஷயத்தைச் சொல்ல முடியாது என்பதும் இருக்கிறது.

விரலால் திரையில் எழுதிக் காட்டும் முறை பலருக்கு நினைவே வராது. கூகுள் 2015-இல் தனிச் செயலியாகக் கொண்டுவந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு குட்டி விசைகளைத் தேட முடியாதவர்களுக்கு நல்லது. நீளமாக எழுத ஆகாது. எ-ஏ, ஒ-ஓ போன்றவற்றில் ஒரு சின்னச் சுழி வித்தியாசம் தவறிப்போகும்.

இங்கே இன்னொரு பிழையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது. 'கௌரவம்' என்பதில் ஔகாரக் குறியைப் போடாமல் கெ-வும் ள-வும் சேர்த்து 'கெளரவம்' என்று அடிப்பவர்கள் ஏராளம். ஔவையாரை ஒ-வும் ள-வுமாக 'ஒளவையார்' ஆக்குவதும் அப்படியே. படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு சொல். தேடினால் கிடைக்காது, வரிசைப்படுத்தினால் இடம் மாறி நிற்கும். பழைய டைப்ரைட்டர் பழக்கத்தில், எழுத்தின் வடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு துண்டாக அடிப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். தமிழ்99-இல் ஔ-வுக்குத் தனி விசையே இருப்பதால் இது வர வாய்ப்புக் குறைவு.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்கள் அந்த அமைப்பை விட்டு வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். இத்தனை வருஷப் பழக்கத்தை மாற்றச் சொல்ல நமக்கென்ன உரிமை? எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் எதிரே இருப்பவர் போனில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

எதைத் தேர்ந்தாலும், பூப்போட்ட தீம், அனிமேஷன் என்று விளம்பரம் செய்யும் பேர் தெரியாத கீபோர்டு செயலிகளைத் தவிர்ப்பது நல்லது. புதிய கீபோர்டை இயக்கும்போது, நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு, கார்டு எண் உட்பட எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டே எச்சரிக்கும். நாம்தான் படிக்காமல் சரி என்று தட்டிவிடுகிறோம்.

என் சிபாரிசு: தினமும் ஒரு பக்கமாவது எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் தமிழ்99-ஐப் பழகுங்கள், ஆரம்ப எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் அஞ்சல் போதும். அம்மா அப்பாவுக்குக் குரலை அமைத்துக் கொடுங்கள், அனுப்பும் முன் ஒருமுறை வாசிக்கவும் சொல்லிக் கொடுங்கள். ஊகிக்கும் முறையை விடமுடியாதவர்கள் ன, ண, ல, ள, ழ வருகிற சொல்லில் மட்டும் ஒரு நொடி நின்று, மேலே காட்டும் பட்டியலைப் பார்த்துத் தொட்டால் பாதிப் பிழை போய்விடும்.