புகைபோக்கித் தொப்பி: காந்தத்தைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் விறகு அடுப்பு எரிக்கும் பேக்கரி, மெஸ், கல்யாண மண்டபக்காரர்கள் கவனத்துக்கு. "வருஷத்துக்கு நாலு தடவை வந்து தொப்பியைப் பார்த்துத் தருகிறோம்" என்று, புகைக்குழாயின் வாய்க்கு மேல் மூடியாக நிற்கும் தொப்பிக்கு முன்பணம் கேட்டு ஆள் வந்தால், கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். டவுனில் ஒரு பேக்கரியில் நடந்தது. பட்டறை பெயர் வேண்டாம், வேலையைப் பாருங்கள்.

அங்கே ஏற்கெனவே இருந்தது நல்ல 304 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகில் ஒரு தரம்) தொப்பி. படிந்திருந்த புகைத் தாரை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுப் போனார்கள். பிரஷ்ஷின் இரும்புத் துகள் எஸ்எஸ் மேல் பதிந்துவிடும். ஒரு மழை பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு. அடுத்த தடவை அந்தத் துருவைக் காட்டியே "தொப்பி போச்சுங்க" என்று புதிது விற்றார்கள். பழையதைக் குப்பை என்று எடுத்தும் போனார்கள். காயலான் கடையில் 304-க்கு என்ன விலை என்று அவர்களுக்கா தெரியாது!

புதிதுக்குக் காந்தம் வைத்துக் காட்டினார்கள். ஒட்டவில்லை, அதனால் 304 என்றார்கள். ஆனால் 202 என்ற மட்டமான எஸ்எஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது. நிக்கல் குறைந்த அந்தத் தகடு விறகுப் புகையின் அமிலத்துக்குத் தாங்காது. எஸ்எஸ் சோதிக்கும் சொட்டு மருந்தும் 9 வோல்ட் பேட்டரியும் பழைய இரும்புக் கடைகளில் இருக்கும்: சொட்டு விட்ட இடம் 202-ல் சிவக்கும், 304-ல் சிவக்காது. தகட்டின் கனத்தையும் எடை போட்டே பிடிக்கலாம். 16 அங்குல வட்டத் தகடு 1 மி.மீ. என்றால் சுமார் 1 கிலோ இருக்க வேண்டும். பில்லில் 1 மி.மீ., தராசில் அரைக் கிலோ என்றால் பாதிக் கனம்தான்.

இதைவிடப் பெரிய தப்பு இடைவெளி. 8 அங்குலக் குழாயின் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவே 1 அங்குலம்தான் விட்டிருந்தார்கள். குழாய் விட்டத்தில் கால் பங்கு, அதாவது 2 அங்குலம் விட்டால்தான் வெளியேறும் வழி குழாயின் பரப்புக்குச் சமமாகும். பறவை புகாமல் இடைவெளியைச் சுற்றி வலை கட்டினால் 4 அங்குலம் வேண்டும். அவர்கள் கட்டிய வலையோ கொசுவலை மாதிரி. பச்சை விறகு எரித்தால் சீக்கிரமே தார் அடைத்து, புகை உள்ளே திரும்பும். கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்க்கும். வலைக்கண் 10 முதல் 12 மி.மீ. இருக்கட்டும். போல்ட்டும் எஸ்எஸ்ஸே வேண்டும். சாதா இரும்பு போல்ட் துருப்பிடித்து அறுந்தால் ஆடிக் காற்றில் தொப்பி பக்கத்து ஓட்டின்மேல்.

சில்வர் பெயிண்ட் அடித்த தொப்பி என்றால் விரலால் சுரண்டிப் பாருங்கள். தாரின்மேலேயே அடித்திருப்பார்கள், உரிந்து வரும்.

பராமரிப்புக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஏறத் தெரிந்த ஆள் ஒருவர், கீழே ஏணி பிடிக்க ஒருவர் போதும். அடுப்பு முழுக்க ஆறிய பிறகு தொப்பியைக் கழற்றி, சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவிடுங்கள். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது, எஸ்எஸ்ஸில் குழி விழும். தை, மாசியில் ஒரு தடவை முழுக் கழுவல். சித்திரைக் கோடை மழைக்கு முன்பும் ஆடிக்கு முன்பும் போல்ட் இறுக்கம். ஐப்பசி, கார்த்திகையில் விறகு ஈரமாக இருக்கும் என்பதால் மாதம் ஒருமுறை வலையைச் சுத்தம் செய்யுங்கள். நடுவில் அடுப்பு ஓயும் வாரங்களில் மைனா கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பற்றவையுங்கள்.

புதிது வாங்கினால் பில்லில் 304, கனம், இடைவெளி மூன்றையும் எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்துச் சோதனை முடியும்வரை பாதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். பழைய தொப்பியை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம்.