எல்லாம் சரிதான், அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர

கேமிங் பிசியை ரெடிமேடாகவே வாங்கிவிடலாமா, பார்ட்ஸ் வாங்கி அசெம்பிள் செய்யலாமா என்று ஏற்காட்டில் இருக்கும் நண்பர் கேட்கிறார். கேட்ட நேரம் அப்படி. என் ரெடிமேட் மெஷினின் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) போய், அதற்கு மாற்று தேடிய சூடு இன்னும் ஆறவில்லை. பக்கத்து மேஜையில் அசெம்பிள் செய்த மெஷின் ஒன்றும் ஓடுகிறது. இரண்டும் புழங்கிப் பழகியவை என்பதால் நியாயமாகவே எழுதப் பார்க்கிறேன். நடுவில் எரிச்சல் எட்டிப்பார்த்தால் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எந்த பிராசஸர், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (எஃப்பிஎஸ்) என்பதெல்லாம் யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது. ஒரே சிப்பும் ஒரே கார்டும் இருந்தால் இரண்டு வகை மெஷினிலும் கேம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் ஓடும். ஏதாவது ஒன்று பழுதாகும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வழியில் வந்த அமைப்பு இது. மதர்போர்டுக்கு 24 பின் கனெக்டர், பிராசஸருக்கு 8 பின், கார்டுக்குத் தனியாக 6+2 பின். சேலம் ஐந்து ரோட்டில் வாங்கினாலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் மாட்டினால் உட்காரும். என் ரெடிமேட் கேபினட்டைத் திறந்தால் அந்த 24 பின்னைக் காணோம். அது இருக்கவேண்டிய இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருவது 12 வோல்ட் மட்டும். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டையும் மதர்போர்டே தயாரித்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பவர் வயர்கூட மதர்போர்டிலிருந்துதான் கிளம்புகிறது.

யோசனை மோசமில்லை. வயர் குறையும், சும்மா இருக்கும்போது கரண்ட் மிச்சமாகும். இன்டெல்லே ஏடிஎக்ஸ்12விஓ என்று 2019இல் 10 பின்னில் ஒரு பொது வடிவம் வகுத்தது. ஆனால் பெரிய கம்பெனி மெஷின்கள் பலவற்றில் அந்தப் பொது வடிவமும் கிடையாது. அவரவருக்கு ஒரு பின் வரிசை, ஒரு பெட்டி அளவு. கடையில் கழற்றிக் காட்டினால், "அண்ணா, இது கம்பெனி ஐட்டம், நம்மகிட்ட வராதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் ஆர்டர் போடலாம். அவர்கள் சொல்லும் விலைக்கு வெளியில் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடலாம். இவர்கள் தருவதோ அதே பழைய குறைந்த வாட் பெட்டி.

மாற்றுவழியாக 24 பின்னைச் சின்ன சாக்கெட்டுக்கு மாற்றும் அடாப்டர் வயர் ஆன்லைனில் வருகிறது. வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை மதர்போர்டு சிலவற்றுக்கு மெஷின் ஆஃபில் இருக்கும்போதும் 12 வோல்ட் வேண்டும். சாதாரண எஸ்எம்பிஎஸ் ஸ்டான்ட்பையில் தருவது 5 வோல்ட் மட்டுமே. அதை ஏற்றிக் கொடுக்க அடாப்டரின் நடுவில் ஒரு குட்டி சர்க்யூட்டைத் தைத்து, மேலே ஸ்லீவ் போட்டு மூடியிருப்பார்கள். அது இல்லாத அடாப்டரை மாட்டினால் பவர் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் மெஷின் அசையாது. இருந்தாலும் பலவீனமான இடம் அதுதான். பின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதே என்று வேறு மாடலுக்கான அடாப்டரை மாட்டிவிடாதீர்கள். வரிசை மாறியிருந்தால் போவது மதர்போர்டு.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினட்டுக்கு வெளியே வைத்து ஓட்டலாமா என்றால் ஓடும், பார்க்கச் சகிக்காது. போர்டைக் கழற்றி வேறு கேபினட்டில் மாட்டலாமா என்றால் ஸ்க்ரூ துளைகள் சேராது. பவர் பட்டன் வயரும் ஒரே கட்டையாக வரும், சாதாரண கேபினட்டின் இரண்டு பின் அதில் போகாது. சிலவற்றில் பிராசஸர் கூலரின் ஸ்க்ரூ போர்டைத் தாண்டி கேபினட் தகட்டிலேயே முறுக்கியிருக்கும். ஆக, ஒரு பெட்டி போனால் மெஷினே முடங்குகிறது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான்.

சேலத்தில் எஸ்எம்பிஎஸ் ஏன் போகிறது என்பதையும் சொல்லவேண்டும். முதல் காரணம் வோல்டேஜ். மேட்டூரில் அனல் மின் நிலையமே இருக்கிறது, ஆனாலும் தறியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும் லைன்களில் சாயந்திரமானால் 180க்குக் கீழே இறங்கிவிடும். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 'இன்புட்' வரியைப் படியுங்கள். 100–240 என்றிருந்தால் கவலையில்லை. விலை குறைந்தவை பலவற்றில் 200–240 என்றிருக்கும். அவை கேம் நடுவில், கார்டு முழு வேகத்தில் இழுக்கும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும். ஆள் கார்டைச் சந்தேகப்படுவார், விண்டோஸை அழித்துப் போடுவார், குற்றவாளி அந்த லேபிளில் இருப்பான். 100–240 போட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்கு டக் டக் என்று ரிலே அடிக்கும் ஸ்டெபிலைசர் தேவையே இல்லை.

அடுத்தது வெயில். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பொதுவான கணக்கு. சித்திரை மாதம் மாடி அறையில் வெளிக்காற்றே 38, 39 இருக்கிறது. பெங்களூருக்காரர் போடும் டெம்பரேச்சர் படத்தோடு சில டிகிரி கூட்டிக்கொண்டுதான் நாம் பார்க்கவேண்டும்.

மூன்றாவது பஞ்சு. இதை ரிவ்யூ செய்கிறவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தால் காற்றில் நூல் பஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். சாதாரணத் தூசி ப்ளோயரில் பறந்துவிடும். பஞ்சு அப்படியில்லை. ஃபேன் வழியாக உள்ளே போய், ஃபேனுக்கும், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போலப் படிந்து ஒட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் ஃபேன் சுத்தமாகச் சுற்றும். அடியில் காற்றே போகாது. ப்ளோயர் அடித்தால் அந்தப் படலம் இன்னும் அழுந்தும். கிளிப்பைக் கழற்றி ஃபேனைத் தூக்கிவிட்டு, டுவீசரால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக உரிந்து வரும். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். வெளியிலிருந்து ஊதுவதோடு சரி.

ரெடிமேட் கேபினட்டில் பெரும்பாலும் ஃபில்டர் இருப்பதில்லை. பின்னால் ஒரே ஒரு சின்ன ஃபேன் காற்றை வெளியே தள்ளும். அதனால் கிடைக்கிற இடுக்கிலெல்லாம் பஞ்சை உள்ளே இழுக்கும். அசெம்பிள் செய்யும்போது முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்று வைத்து, முன்பக்கம் கழுவக்கூடிய வலை ஃபில்டர் போட்டால் பஞ்சு வலையிலேயே நின்றுவிடும். தறிப் பக்கத்தில் வலையை வாரம் ஒருமுறை தட்டவேண்டும். அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மாதம் ஒருமுறை போதும்.

சரி, ரெடிமேட் பக்க நியாயம். சத்தம் குறைவு. விண்டோஸ் ஒரிஜினல், மதர்போர்டோடு சேர்ந்தே வருவதால் திரும்பப் போட்டாலும் தானே ஆக்டிவேட் ஆகும். ஏதாவது என்றால் கூப்பிட ஒரே நம்பர், வாரண்டிக் காலத்தில் ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். அசெம்பிள் மெஷினில் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் போர்டு விற்றவர் ராம் என்பார், ராம் விற்றவர் போர்டு என்பார். பல பிராண்டுக்குக் கோவைக்கோ சென்னைக்கோ கூரியர்தான். கார்டுக்கு மூன்று வருஷம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்திலிருந்து பத்து வருஷம் வாரண்டி இருப்பது உண்மை. ஆனால் ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருந்தால்தான் அதற்கு மதிப்பு. 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டியையும் மறந்துவிடலாம்.

இப்போது விலையும் ரெடிமேட் பக்கமே சாய்கிறது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போவதால் 2025 கடைசியில் ராம் விலை ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், க்ரூசியல் என்ற பெயரில் கடைக்கு விற்பதையே நிறுத்துவதாக அறிவித்தது. 2021இல் கிரிப்டோ மைனிங்கால் கார்டு கிடைக்காதபோதும் இதே கதைதான், கார்டோடு முழு மெஷின் வாங்குவது மலிவாக இருந்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள். பல ரெடிமேடில் 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்காக வரும். டிடிஆர்4 3200இல் ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2. கேம் நடுவில் சட்டென்று திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதே வேக ஸ்டிக் இன்னொன்று போட்டால் சரியாகும், இன்றைய விலையில் கை நடுங்கும்.

அசெம்பிளிலும் வெடி உண்டு. மாடுலர் (வயரைத் தனியாகக் கழற்றி மாட்டும்) எஸ்எம்பிஎஸ்ஸில் மதர்போர்டு பக்க பின்தான் பொது, எஸ்எம்பிஎஸ் பக்க பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய பெட்டியின் வயரைப் புதுப் பெட்டியில் செருகினால் உட்காரும், ஆன் செய்தால் எஸ்எஸ்டி புகையும். பெட்டி மாறினால் வயரும் மாறவேண்டும். போர்டுக்கு அடியில் துளை இல்லாத இடத்தில் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டி உலோகத் தண்டு) நின்றால் ஷார்ட். நாலு ஸ்லாட் போர்டில் ராம் இரண்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டில். பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் 3200 ராம் 2133இலோ 2666இலோ நொண்டும். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு, கேம் ஓடவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதே என்றால் அது இரண்டுக்கும் பொது. எர்த் இல்லாத பாயிண்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக பாடியில் பாதி வோல்டேஜ் நிற்கும், டெஸ்டர் எரியும். மெஷினில் குறையில்லை, எர்த்தைப் பாருங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்திருக்கும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீட்டில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் எலக்ட்ரீஷியன்.

ஏற்காட்டுக்கு வருவோம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு, ஃபேனுக்கு அந்த அளவு பலம் குறையும். ஆனால் அங்கே வெயில் 30ஐத் தாண்டுவதே அபூர்வம் என்பதால் மொத்தத்தில் லாபம். தொல்லை ஈரமும் இடியும். பனிமூட்டம் வரும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பூட்டிப் போட்டுவிட்டுப் போவதைவிட அவ்வப்போது ஓட்டுவது நல்லது. சித்திரை, வைகாசி இடிமழைக்குப் பிளக்கோடு லேன் வயரையும் பிடுங்குங்கள். கிளை முறிந்து லைன் போனால் வர நேரமாகும், எனவே யூபிஎஸ் அவசியம். 600 விஏ என்றால் 360 வாட்தான். 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060, பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் விளிம்புக்கு வந்துவிடும். 1 கேவிஏ வாங்குங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டினால் சைன் வேவ் ஆக இருக்கட்டும், பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள்.

'ஐ7 கேமிங் பிசி' என்று பாதி விலைக்கு வரும் விளம்பரத்தை மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐ7, கூடவே ஜிடி 730 கார்டு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. கலர் லைட் மட்டும் புதுசு.

இத்தனையும் கூட்டிக் கழித்தால் மலைமேல் இருக்கும் நண்பருக்கு ரெடிமேட்தான் சரி. விலை, வீட்டுக்கு வரும் சர்வீஸ், சத்தம், மூன்றிலும் ஜெயிக்கிறது. ஆனாலும் நான் சொல்லப்போவது அசெம்பிள். இன்றைய ராம் விலையிலும் அசெம்பிள்தான். இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கார்டை மாற்ற ஆசைப்பட்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான ஒரு 8 பின் வயர் இல்லாததால் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியோடு மனசைத் தேற்றிக்கொள்ளும் நிலைமை அவருக்கு வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்: 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்ட்டை அதிகம் வீணாக்காது என்ற தரச்சான்று), இன்புட் 100–240. மிச்சப் பணத்தில் மற்றது.

அப்படியும் ரெடிமேட்தான் என்றால், பணம் கட்டும் முன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லி, மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரை எண்ணுங்கள். 24 இருந்து, பெட்டியும் ஏடிஎக்ஸ் அளவில் இருந்தால் மேலே திட்டியதில் பாதி அந்த மெஷினுக்குப் பொருந்தாது, தைரியமாக வாங்கலாம். திறந்தால் வாரண்டி போய்விடும் என்று கடைக்காரர் இழுத்தால், அங்கே இன்னொரு நிமிஷம் நிற்கவேண்டியதில்லை.