போஸ்ட்கிரெஸில் பெரிய கோப்புகள்: பைட்டியாவா, லார்ஜ் ஆப்ஜெக்டா?

படம், பிடிஎஃப், வீடியோ எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள்ளேயே வைப்பது என்று முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி இதுதான்.

பைட்டியா என்பது பைட்டுகளை அப்படியே வைக்கும் நெடுவரிசை வகை. மற்ற நெடுவரிசைகளைப் போலத்தான். இன்சர்ட் செய்தால் உள்ளே போகும், வரிசையை அழித்தால் கூடவே போய்விடும். வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டினால், பெரிய மதிப்பு டோஸ்ட் என்ற துணை அட்டவணைக்குத் தானாக நகரும். உச்ச வரம்பு 1 ஜிபி. ஆனால் அந்த எண்ணை நம்பி இறங்காதீர்கள். வழக்கமாக மதிப்பு முழுவதும் ஒரே மூச்சில் மெமரிக்கு வரும். டெக்ஸ்ட் வடிவில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு ஹெக்ஸ் எழுத்தாகிவிடும். 200 எம்பி கோப்பு 400 எம்பியாக வயரில் ஓடும்.

லார்ஜ் ஆப்ஜெக்ட் என்பது கோப்பை நம் அட்டவணைக்கு வெளியே தனியாக வைக்கும் முறை. 4 டிபி வரை தாங்கும். தரவு 2 கேபி துண்டுகளாக ஒரு சிஸ்டம் அட்டவணையில் இருக்கும். நம் அட்டவணையில் அதன் ஓஐடி என்ற அடையாள எண் மட்டும். வீடியோவின் நடுவிலிருந்து 64 கேபி வேண்டுமா? அந்த இடத்துக்குத் தாவி, அதை மட்டும் படிக்கலாம். திறப்பது, படிப்பது எல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும்.

சரி, சிக்கல் எங்கே? அழிப்பதில். வரிசையை நீக்கினாலும் ஆப்ஜெக்ட் அப்படியே அனாதையாகக் கிடக்கும், டிஸ்க் சத்தமில்லாமல் நிரம்பும். வரிசை நீங்கும்போது தானாக ஓடி ஆப்ஜெக்டையும் நீக்கும் டிரிகர் எழுதுங்கள், இல்லையென்றால் அனாதைகளைத் துடைக்கும் வேக்யூம்-எல்ஓ கருவியை அவ்வப்போது ஓட்டுங்கள்.

சில எம்பி கோப்புகளுக்கு நான் யோசிக்காமல் பைட்டியாவையே எடுப்பேன். நூற்றுக்கணக்கான எம்பி, அதுவும் பகுதி பகுதியாகப் படிக்க வேண்டுமென்றால் மட்டுமே லார்ஜ் ஆப்ஜெக்ட்.