கார்டு இல்லாம ஒரு தடவை, பதிவுச் சீட்டோட ஒரு தடவை

கோபிசெட்டிபாளையத்துல வீட்டுலயே முறுக்கு, தட்டை, கச்சாயம் சுட்டு விக்கிறேனுங்க. ஆடிப்பெருக்கு, தீபாவளின்னா எண்ணெயே நாலஞ்சு டின் ஓடும். கோயமுத்தூர்ப் பக்கம் இருக்குற ஒரு மொத்த விற்பனைக் கூடத்துல மலிவுன்னு கேள்விப்பட்டு, மளிகைக் கடை வெச்சிருக்குற எங்க கொழுந்தனாரோட அந்தக் கூடத்து உறுப்பினர் கார்டை வாங்கிட்டு வெள்ளெனவே பஸ் ஏறிட்டேன்.

கார்டுல அவரு போட்டோ இருக்குது. வாசல்ல நின்ன தம்பி வாங்கிப் பாத்துட்டு, "அக்கா, அவரும் ஒட்டுக்கா வந்திருந்தா விட்டிருப்பேனுங்க, உங்களைத் தனியா விட முடியாதுங்க"ன்னார். மரியாதையாத்தான் சொன்னார், அவர் மேல குத்தம் இல்லை. ஆனா முந்தின நாள் போன்ல கேட்டப்ப, "வாங்க மேடம், பாத்துக்கலாம்"னு சொன்னாங்களே, அதுதான் எனக்கு ஆத்தாமை. ரெண்டரை மணி நேரம் பஸ்ஸுல வர்றவங்ககிட்ட என்ன காகிதம் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்க அக்கா பொண்ணு அமெரிக்காவுல இருக்கா. அங்க காஸ்ட்கோங்கற மொத்த விலைக் கடையில வருசத்துக்கு 65 டாலர் கட்டினா யாரும் உறுப்பினர் ஆகிக்கலாம். உறுப்பினர் ஒருத்தர், முன்னாடியே பணம் போட்டு வெச்ச ஷாப் கார்டு வாங்கிக் குடுத்தா, உறுப்பினர் ஆகாதவங்களும் உள்ள போய் வாங்கலாம்னு சொல்லுவா. இங்க சங்கதி வேற. வெளிநாட்டு முதலீட்டுல நடக்குற மொத்த வியாபாரக் கடை, தொழில் பண்றவங்களுக்குத்தான் விக்கலாம்னு அரசாங்கமே விதி போட்டிருக்குது. ஜிஎஸ்டி பதிவோ, கடைப் பதிவோ, உள்ளாட்சியில குடுத்த தொழில் உரிமமோ காட்டணும். பதிவு பண்ணின அறக்கட்டளை, சங்கம் மாதிரி இருக்கறவங்களும் சொந்த உபயோகத்துக்கு வாங்கிக்கலாம்.

உதவி மேசையில இருந்த அம்மிணிதான் வழி சொன்னா. "பலகாரம் விக்கிறீங்களே, உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்குதுங்களா?" இருக்குதே! பாக்கெட்டுல 14 இலக்க நம்பர் போடணும்னு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி எடுத்தது, வீட்டு பீரோவுக்குள்ள கெடக்குது. அடுத்த வாரம் அதையும் ஆதாரையும் கொண்டு போனேன். கால் மணி நேரத்துல என் பேர்லயே கார்டு. காசு வாங்கலை.

உள்ள போனா முதல்ல பாக்க வேண்டியது விலைச் சீட்டுங்க. பெருசா இருக்குறது வரி சேராத விலை, அடியில பொடி எழுத்துல இருக்குறதுதான் நாம குடுக்கற விலை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத என்னை மாதிரி ஆளுங்களுக்கு அந்த வரி திரும்ப வராது, அதனால பொடி எழுத்தையே பாருங்க. அப்புறம் ஒண்ணு எடுத்தா ஒரு விலை, ஆறு எடுத்தா ஒரு விலை.

எண்ணெய் வரிசையில ஒரே கம்பெனி டின் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு 15 கிலோ, இன்னொண்ணு 15 லிட்டர். பாத்தா ஒரே அளவாட்டம்தான் தெரியும். லிட்டர் டின் 90 ரூபாய் குறைச்சல்னு ஆளாளுக்கு அதைத்தான் தூக்கறாங்க. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் நிக்கும். 15 லிட்டர்னா 13 கிலோ 650 கிராம். 90 ரூபாயை மிச்சம் புடிக்கறோம்னு 1 கிலோ 350 கிராம் எண்ணெயை அங்கயே விட்டுட்டு வரலாமுங்களா? நான் கிலோ டின் நாலு எடுத்தேன்.

அரிசி 25 கிலோவும் இருக்குது, 26 கிலோவும் இருக்குது. 2022 ஜூலை 18-ல இருந்து 25 கிலோ வரைக்கும் லேபிள் ஒட்டின பைக்கு 5 சதவீத வரி, அதுக்கு மேல போனா இல்லை. அந்த ஒரு கிலோ எதுக்குன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

பாக்கெட் கவர், கையுறை, பாத்திரம் கழுவற திரவம் எல்லாம் நம்மூர்க் கடையை விட நல்லாவே மலிவு. கடலை மாவும் நயமா இருந்துச்சு. உளுந்து 30 கிலோ மூட்டையை வீட்டுச் செலவுக்குன்னு மட்டும் எடுத்துராதீங்க, பாதி தீர்றதுக்குள்ள வண்டு விழுந்துரும். நாட்டுச்சர்க்கரையை நான் தொடவே இல்லை. கச்சாயத்துக்குக் கவுந்தப்பாடிச் சர்க்கரை போட்டாத்தான் அந்த நெறமும் மணமும் வரும். முறுக்கு மாவுக்கு வெண்ணெய் ஊத்துக்குளியில இருந்து வருது, அதையும் மாத்தறதா இல்லை.

சரக்கைக் கொண்டாறதுதான் பெரிய சோலி. நாலு டின்னோட பஸ்ஸுல ஏற முடியுமா? இந்த ஆடிக்கு எங்க வீதியில பலகாரம் போடற மூணு பேரு சேந்து ஒரு குட்டியானை வண்டி பேசியிருக்கோம். வாடகையை மூணாப் பிரிச்சுக்குவோம். மத்த ரெண்டு பேரும் பதிவுச் சீட்டை இப்பவே எடுத்து வெச்சாச்சுங்க.